நாற்பத்தோரு கிணற்றுத் தண்ணீர்

…அதுவும் இன்றைக்குத்தானா வந்து சொல்ல வேண்டும், நேற்று சொல்லியிருக்கலாம், திங்கட்கிழமை லேபுக்கு வந்து சாவகாசமாகச் சொல்லியிருந்தால்கூட ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கணக்கைப் பார்த்திருக்கலாம், காலை எட்டேகால் மணிக்கு, ஒரு கையில் பரிசுப் பட்டியலும் இன்னொரு கையில் ஆண்டறிக்கையும் தோளில் நிற்காத பட்டுப்புடவையுமாக அருள்ராணி மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோதா எதிரே வந்து நின்று, மிஸ் ஒரு நிமிஷம், சில்வர் நைட்ரேட் தப்பு மிஸ், என்று சொல்வாள் ஒரு பிள்ளை. எட்டேகாலிலிருந்து இப்போது நாலே முக்கால் வரைக்கும் அந்த வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டிருக்கிறது, நின்று உதறிப் போடவும் நேரமில்லை. மேடையை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷாமியானாவுக்கு அடியில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள், மூன்று மணியிலிருந்து தரையில், வரிசை கலையாமல், அதற்குப் பின்னால் நாற்காலிகளில் பெற்றோர்கள், கைக்கு எட்டிய காகிதத்தையெல்லாம் விசிறியாக்கிக்கொண்டு. சிறப்பு விருந்தினர் விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தார். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள், மூன்றரைக்கும் கிளம்பிவிட்டார் என்றார்கள், நாலுக்கு விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிவிட்டார், நாலரைக்கு எப்படியோ மறுபடி விக்கிரவாண்டியிலேயே இருந்தார், டீ குடிக்கிறாராம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். காலையில் படியில் வந்து நின்ற அந்த ஸாலிஹா பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கோட்டக்குப்பத்திலிருந்து வந்ததும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், அவள் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை… ஏன் இப்போது அவள் ஞாபகம், அவளைப் பற்றி விழா முடிந்த பிறகு யோசிப்பது என்றுதானே முடிவு செய்தது.

மேடைக்குப் பின்னால் இருபது அடி நீள ஃபிளெக்ஸ். சாதனையாளர் திருவிழா 2013, இருபதாம் ஆண்டு. நடுவில் தாளாளர் சீனுவாசன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், அவரைச் சுற்றி ஸ்டாம்பு சைஸில் அறுபத்துநாலு பிள்ளைகள். வேதியியலில் சென்டம் எடுத்தவர்கள் ஒன்பது பேர், இயற்பியலில் ஏழு, மாவட்டக் கையெழுத்துப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் நாலு பேர், ஆம், கலந்துகொண்டவர்கள், ஒரே நேரத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர் யோகா செய்ததற்குத் தனிக் கட்டம். ஸாலிஹாவின் படத்துக்குக் கீழே குடத்தைப் போல ஒரு மஞ்சள் கோப்பை வரைந்து 'மாநில அளவில் முதலிடம், இளம் விஞ்ஞானி' என்று போட்டிருக்கிறது. முதலிடம் என்று யார் சொன்னது, மாநிலத்தில் தேர்வான முப்பது ஆய்வுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான், அருள்ராணி ப்ரூஃபில் திருத்திக்கூடக் கொடுத்தாள், தாளாளர் பார்த்துவிட்டு, முப்பதுல ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட்டும் அதுலதான மிஸ் இருக்கும், விடுங்க, என்றார். பரிசு வாங்குகிறவர்கள் அறுபத்துநாலு பேர், ஷீல்டுகள் பன்னிரண்டுதான். வலப்பக்கப் படியில் ஏறி, ஷீல்டை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்து, இடப்பக்கம் இறங்கியதும் பி.டி. மாஸ்டர் ஸ்டீபன்ராஜ் அதைப் பிடுங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடி வலப்பக்கம் சேர்ப்பார், அடுத்த பிள்ளைக்கு அதே ஷீல்டு. மூன்று வருஷமாக இப்படித்தான். நேற்று ஒத்திகையில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் கொடுக்க மாட்டேன் என்று கட்டிக்கொண்டு அழுதான், டேய் வுட்றா, டிபன் பாக்ஸு தர்றேன்டா, எவர்சில்வர்டா, என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் ஸ்டீபன்ராஜ். கைத்தட்டலுக்கும் ஒத்திகை உண்டு. அவர் கர்ச்சீப்பை உயர்த்தினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். பெயரிலேயே அறிவியலை வைத்திருக்கிற பள்ளி, பிளஸ் ஒன் பாடத்தை அட்டையோடு மூடி வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்துகிற பள்ளி, அதில் ஒரு பிளஸ் ஒன் பிள்ளை நிஜமாகவே ஓர் அளவு எடுத்தாள், நாற்பத்தோரு கிணறு, அது எப்படி நடந்தது என்பதே ஆச்சரியம்தான், நடந்திருக்காவிட்டால் இந்தத் தொல்லையும் இல்லை.

ஹாஸ்டல் பிள்ளை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோட்டக்குப்பம் போவாள், திரும்பி வரும்போது புத்தகப்பை நிறைய காலி கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் வீட்டுக்காரர் பெயர், தெரு, தேதி, கடற்கரையிலிருந்து எத்தனை தப்படி. கண்டக்டர் லக்கேஜ் போடப் பார்த்தாராம், குடிச்சிடட்டுமா அண்ணே எல்லாத்தையும், என்று கேட்டதில் சிரித்துவிட்டாராம். சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மஞ்சளாக இருப்பது செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போது நிறுத்த வேண்டும், எவ்வளவு செலவானதோ அதற்கேற்ற உப்பு. கரைசல் பட்டுப் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது, ஹாஸ்டல் வார்டன் மருதாணி என்று நினைத்துத் திட்டினார். எல்லைக் கணக்கு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம், அதைத் தாண்டினால் குடிக்க ஆகாது. நாற்பத்தொன்றில் பதினாறு கிணறு தாண்டியிருந்தது, அவள் தெருவிலிருந்த பொதுக்கிணறு ஆயிரத்து நூற்று அறுபது. அதைத்தான் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். மாவட்டத்தில் தேர்வு, மாநிலத்தில் தேர்வு, பேப்பரில் ஒரு பத்தி செய்தி, படத்தோடு. அந்தப் பேப்பரை அவள் தெருவில் வெட்டி ஒட்டினார்கள், பொதுக்கிணற்றில் வாளி விடுவது நின்றது, கேன் தண்ணீர் வண்டி வர ஆரம்பித்தது, இப்போது கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் சின்டெக்ஸ் தொட்டி வைக்கப்போகிறார்களாம், திங்கட்கிழமை காலையில் இடிபாட்டு மண் லாரி வருகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை.

அதனால்தான் காலையில் வந்திருக்கிறாள், அது அருள்ராணிக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் படியில் வைத்தா. பிளஸ் டூ பிராக்டிகலுக்குப் புது பாட்டில் உடைத்தார்களாம், பழைய கரைசல் கொஞ்சம் மிச்சமிருந்ததாம், இவள் சும்மா இருக்கிறாளா, எடை தெரிந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து இரண்டையும் வைத்துப் பார்த்தாளாம். புதுசு சரியா காட்டுது மிஸ், பழசு ரெட்டையா காட்டுது. வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போயிருக்கும்மா, சில்வர் நைட்ரேட் அப்படித்தான், என்றாள் அருள்ராணி, சொல்லும்போதே ஒரு படி இறங்கினாள். கெட்டுப்போயிருந்தா அடியில கறுப்பா படிஞ்சிருக்கும் மிஸ், இது தெளிவா கீது, மூணு தடவை பாத்துட்டேன், மூணு தடவையும் சரியா ரெண்டு மடங்கு, அப்போ எங்க கிணறு ஆயிரத்து நூத்தி அறுபது இல்ல மிஸ், ஐந்நூத்தி எண்பது, கொஞ்சம் கரிக்கும், ஆனா குடிக்கலாம். நேத்து போன்ல அம்மாகிட்ட சொன்னேன், பரிசு குடுத்தவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சான்னு கேக்குது, மிஸ் சொன்னா நம்பும். கையில் அந்த நீல அட்டை நோட்டு, விரிக்கவில்லை, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அருள்ராணி என்ன சொன்னாள், விழா முடியட்டும் ஸாலிஹா, பேசிக்கலாம், போய் யூனிஃபார்மை அயர்ன் பண்ணு… அப்படித்தான் சொன்னாள், இதில் என்ன தப்பு, அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும், மைக் செட்காரன் கீழே கத்திக்கொண்டிருந்தான்.

நோட்டை ஏன் விரிக்கவில்லை… அதில் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அருள்ராணிக்குத் தெரியும். அக்டோபர் மாதம், சரஸ்வதி பூஜை லீவுக்கு முந்தின நாள். சில்வர் நைட்ரேட் விலை என்ன, இருபத்தைந்து கிராம் பாட்டிலுக்குத் தாளாளரிடம் கையெழுத்து வாங்க மூன்று வாரம் ஆனது, எங்க மிஸ் இது, வெள்ளியா வாங்கறீங்க, என்று அதற்கு ஒரு நகைச்சுவை வேறு. அதனால் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, அருள்ராணியே தராசில் நிறுப்பாள். லிட்டருக்கு இரண்டு புள்ளி நாலு கிராம் போட வேண்டும், அரை லிட்டர் போதும் என்று சிக்கனமாக ஒன்று புள்ளி இரண்டு நிறுத்தாள், எடைத்தாளைக் கையில் எடுத்தபோது அட்டெண்டர் பச்சைமுத்து வந்து வாசலில் நின்றார். மேடம், தாளாளர் ஜல்தியா வரச்சொல்றாரு, பேனர்ல சென்டம் போட்டோ ஒண்ணு மாறிப்போச்சாம். போன வருஷப் பையன் ஒருவனின் தலை இன்னொருவனின் மதிப்பெண்ணுக்கு மேல் ஏறியிருந்தது, அதற்காக, அந்த ஒரு தலைக்காக, பாதியில் போய், கால் மணி நேரம் நின்று, யார் இவன், எந்த செக்ஷன், அவனுடைய அப்பா வந்து சண்டை போடுவாரே, என்றெல்லாம் கேட்டுத் திரும்பி வந்து, மேஜை மேல் எந்தக் குடுவை கழுவி வைத்திருந்ததோ அதில் கொட்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கோடு வரைக்கும் நிரப்பினாள். அது ஒரு லிட்டர் குடுவை. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் குடுவையின் கழுத்துகூடக் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மனது பேனரில் இருந்ததா… அப்புறம் பெருமையாக நோட்டை வாங்கித் தன் கையெழுத்திலேயே எழுதினாள், 1.2 கிராம், 1000 மி.லி., அ.ராணி. ஆவர்த்தனம் மாதிரி வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள், எந்தக் கரைசலையும் நம்பாதே, முதலில் தெரிந்த உப்பை வைத்துச் சரிபார். இருபது வருஷமாகச் சொல்கிறாள். ஒருத்தி கேட்டுத் தொலைத்திருக்கிறாள்.

மாவட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், மாநிலத்தில் ஐந்து பேர். உன் லட்சியம் என்னம்மா, கலெக்டரா டாக்டரா, என்றார் ஒருவர். மேப் அழகா வரைஞ்சிருக்கியே, நீயே வரைஞ்சதா, என்றார் இன்னொருவர். கரைசலை எப்படிச் சரிபார்த்தாய் என்று ஒரு ஆள் கேட்டிருந்தால், ஒரே ஒரு ஆள், அங்கேயே முடிந்திருக்கும்… அவர்கள் மேல் எரிச்சல் வந்தது, தாளாளர் மேல் வந்தது, பச்சைமுத்து மேல், இடம் மாறிய அந்தப் போட்டோவிலிருந்த பையன் மேல்கூட வந்தது, இந்நேரம் எங்காவது இன்ஜினியரிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருப்பான், பாவம். சரி, திங்கட்கிழமை லாரி வருவதற்குள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன, இல்லை, போனில் சொன்னால் நம்புவார்களா, லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும், லெட்டர்ஹெட் என்றால் தாளாளர் கையெழுத்து, தாளாளர் கையெழுத்து என்றால் மாநில முதலிடம் என்னாவது என்பார்… இப்படி ஒவ்வொரு படியாக யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லாப் படியும் நியாயமாகத்தான் இருக்கிறது, கிணறு மட்டும் மூடிப்போகிறது.

வணக்கம் மிஸ், என்று பக்கத்தில் குரல், திரும்பினால் கறுப்பு புர்காவில் ஸாலிஹாவின் அம்மா அசன் பீவி, பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில், கையில் பேரீச்சம்பழ டப்பா. இவ அத்தா அனுப்பிச்சாரு மிஸ், துபாய்லேர்ந்து ஆள் வந்தாங்க, ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சேன். எதற்கு இதெல்லாம் என்றால் கேட்கவில்லை, மடியில் வைத்துவிட்டாள். எங்க தெருவு புள்ளைங்க வயித்த நீங்கதான் காப்பாத்தினீங்க, இத்தினி வருசமா அந்தத் தண்ணியதான குடிச்சிக்கினு இருந்தோம், ஒண்ணும் ஆவலன்னுதான் நெனச்சோம், பேப்பர்ல பாத்தப்புறம் ஒரே பயமாப்போச்சி. சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். இவ என்னமோ நேத்து போன்ல அளவு தப்பு, அது இதுன்னு ஒளறிக்கினு இருந்தா, அப்படியா மிஸ்? அருள்ராணி டப்பாவின் மேல் இருந்த ஒட்டகப் படத்தைப் பார்த்தாள். இரண்டே சொல் போதும், ஆமாம்மா, தப்புதான். விழா முடியட்டும்மா, பேசிக்கலாம், என்றாள். அதே வாக்கியம், அச்சில் வார்த்த மாதிரி வந்தது. அசன் பீவி தலையாட்டிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் போனாள். அதற்குள் வெளியே பட்டாசு, கூட்டேரிப்பட்டிலிருந்து பறந்து வந்துவிட்டாராம் சிறப்பு விருந்தினர், பேண்டு வாத்தியம் தொடங்கியது, ஸ்டீபன்ராஜின் கர்ச்சீப் உயர்ந்தது.

குத்துவிளக்கு, பொன்னாடை, அந்தப் பொன்னாடையைச் சிறப்பு விருந்தினர் உடனே டிரைவரிடம் கொடுத்தது, தமிழாசிரியர் சவுரிராயன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவுக் கடலே ஆற்றல் மலையே என்று ஆரம்பித்தது, எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பரிசு வரிசை நகர்ந்தது, ஷீல்டுகள் சுற்றி வந்தன, இருபத்திரண்டாவது ஆளிடம் ஸ்டீபன்ராஜுக்கு மூச்சு வாங்கியது. சார் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுங்க சார், நான் மனுசனா மெசினா, என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது முதல் வரிசைக்கெல்லாம் கேட்டது. அருள்ராணி ஆண்டறிக்கையைப் புரட்டினாள், ஏழாம் பக்கம், எம் பள்ளி மாணவியின் ஆய்வால் ஒரு ஊரே நச்சு நீரிலிருந்து மீண்டது, இந்த வரியை யார் எழுதியது, அவள்தான் எழுதினாள், இல்லை, ஊர் என்றுதான் எழுதினாள், 'ஒரு ஊரே' என்று ஏகாரம் போட்டதும் நச்சைச் சேர்த்ததும் சவுரிராயன். பேனாவால் அடித்துவிடலாமா என்று நினைத்தாள். அடித்தால் போதுமா… அதற்குள், இதோ எங்கள் இளம் விஞ்ஞானி, இரு மணித்துளிகள் உரையாற்றுவார், என்றார் சவுரிராயன், ஸாலிஹா வலப்பக்கப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் அவர் எழுதிக்கொடுத்த உரை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள், திருகாணி சரியாக விழவில்லை, இரண்டாவது தடவை அழுத்தித் திருகினாள். காகிதத்தை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அருள்ராணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள், சொல்லப்போகிறாள், சொல்லத்தான் போகிறாள், என் பெயரை இந்த ஆயிரத்து இருநூறு பேருக்கு முன்னால்… ஸ்டீபன்ராஜிடம் சைகை காட்டலாமா, கரண்டு போகாதா, இந்த ஊரில் தினமும் போகிற கரண்டு.

எல்லாருக்கும் வணக்கம், என்றாள். நான் நாப்பத்தோரு கிணத்துத் தண்ணிய சோதிச்சேன், அதுக்குத்தான் இந்தப் பரிசு. அந்த அளவெல்லாம் தப்பு. சோதிக்கிற கரைசல் பாதி பலத்துலதான் இருந்திச்சு, அதனால எல்லா அளவும் ரெண்டு மடங்கா வந்திடுச்சு. அத கலந்தது நான்தான். நான் கவனிக்காம கலந்துட்டேன். எங்க தெரு கிணறு குடிக்கலாம், யாரும் மூட வேணாம். நன்றி வணக்கம். முப்பது நொடிகூட ஆகவில்லை. நன்றி வணக்கம் என்ற சொல் விழுந்ததும் ஸ்டீபன்ராஜின் கர்ச்சீப் உயர்ந்தது, ஆயிரத்து இருநூறு பிள்ளைகளும் தட்டினார்கள், பெற்றோர்கள் தட்டினார்கள், சிறப்பு விருந்தினர் செல்போனைத் தொடையில் வைத்துவிட்டுத் தட்டினார், யோகா செய்ததற்குத் தட்டிய அதே தட்டல். சவுரிராயன் மட்டும் தான் எழுதிய உரை எங்கே போனது என்ற முகத்தோடு நின்றார். தாளாளர் கொஞ்சம் கேட்டிருக்க வேண்டும், ஒரு நிமிஷம் நெற்றி சுருங்கியது, பிறகு விரிந்தது, எழுந்து வந்து மைக்கை வாங்கினார், அவருக்கு எதையும் விழாவாக்கத் தெரியும். பாத்தீங்களா, தப்ப ஒத்துக்கிற தைரியம், எந்த ஸ்கூல்ல சொல்லித்தர்றாங்க இத? மார்க்கு வரும் போவும், இதான் கேரக்டரு. இந்தப் பிள்ளைக்கு நேர்மைக்குன்னு தனியா ஒரு ஷீல்டு, இப்பவே, இந்த மேடையிலயே. திரைக்குப் பின்னால் ஸ்டீபன்ராஜ் ஓடும் சத்தம். இவள வளத்துவிட்ட கைடு டீச்சர் அருள்ராணி மிஸ்ஸ மேடைக்கு அழைக்கிறேன், அவங்க கையாலயே வாங்கட்டும், ரெண்டு வார்த்தை பேசட்டும்.

நான்தான் என்றாளே… காதில் விழுந்தது சரிதானா, கலந்தது நான்தான் என்றாள், ஆமாம். அருள்ராணி எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல் வந்து விழுந்தபோது முதலில் வந்தது என்ன, அதிர்ச்சி இல்லை, வெட்கம்கூட இல்லை, ஒரு நிம்மதி, குளித்துவிட்டு வெளியே வந்தது போல, அப்பாடா என்று தோளெல்லாம் தளர்ந்தது, அது அவளுக்கே தெரிந்தது, எத்தனை நொடி இருந்தது அந்த நிம்மதி, மூன்று நொடி, நாலு நொடி, கைகூடத் தட்டியிருக்கிறாள், மடியிலிருந்த ஆண்டறிக்கை கீழே கிடந்தது. ஏன் அப்படிச் சொன்னாள். டீச்சர் தப்பு என்று சொன்னால் பிராக்டிகலில் மார்க் போய்விடும் என்ற பயமா, இல்லை, அவள் பயப்படுகிற ஜாதி இல்லை. என் மேல் இரக்கமா. கோபமா, நீ சொல்லமாட்டாயா, சரி நான் சொல்கிறேன், வைத்துக்கொள் என்பதா. காலையில் நோட்டை விரிக்காமல் அணைத்துக்கொண்டு நின்றாளே, முதல் பக்கத்துக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அதைக் காட்டாமல் நின்றாள், என்ன தப்பு என்று சொல்ல வரவில்லை அவள், நான் வாய் திறக்கட்டும் என்று வந்திருக்கிறாள், எட்டேகாலிலிருந்து ஐந்தரை வரைக்கும் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள்…

மிஸ், என்று அசன் பீவி மேடையோரம் வந்துவிட்டாள், முகம் வெளுத்திருந்தது, கூட்டத்தில் கேட்டவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. ஏன் மிஸ் இப்படிப் பண்ணா, தெருவே அவ பேச்ச கேட்டு கிணத்த வுட்டுச்சி, இத்தினி மாசமா கேனுக்குக் காசு குடுத்துக்கினு கீறாங்க, இப்போ போயி எம் பொண்ணு கலந்தது தப்பாம்னு எப்படிச் சொல்லுவேன், பேஜாரா பேச மாட்டாங்களா, அவ அத்தாவுக்கு என்னான்னு போன் பண்ணுவேன். புர்காவின் ஓரத்தைக் கையில் முறுக்கிக்கொண்டே நேராகப் பார்த்தாள். நீங்க கூடவேதான இருந்தீங்க, சொல்லுங்க மிஸ், அவதான் கலந்தாளா? மைக்கில் தாளாளர் இரண்டாம் முறை கூப்பிட்டார், அருள்ராணி மிஸ், வாங்க, வெக்கப்படாதீங்க. கூட்டம் சிரித்தது. இருங்கம்மா, மேடைக்குக் கூப்பிடுறாங்க, என்றாள் அருள்ராணி, சொல்லிவிட்டுத்தான் தன் குரல் காதில் விழுந்தது.

படி நாலு. ஏறும்போது புடவை தடுக்கியது. காலையில் என்றால் ஒரு வாக்கியம், நான்தான்மா குடுவையை மாற்றிவிட்டேன், முடிந்தது, ஸாலிஹா தலையாட்டிவிட்டு அயர்ன் பண்ணப் போயிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். இப்போது மைக்கில் உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை மேடையில் பொய் சொன்னாள் என்றாகும், நேர்மைக்கு ஷீல்டு வாங்கப்போகிறவளை எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆக்க வேண்டும், அது சரியா, அவளாக எடுத்துக்கொண்டதை ஏன் கெடுக்க வேண்டும், தனியாக அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டால், ஒரு கடிதம் எழுதி… ஆஹா, எவ்வளவு கரிசனமாக வருகிறது யோசனை, எவ்வளவு சீக்கிரம் வருகிறது, இதுவரை தாளாளரும் பச்சைமுத்துவும் போட்டோவும் இருந்த இடத்தில் இப்போது ஸாலிஹாவின் மானம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸாலிஹா மேடையின் நடுவில் நின்றிருந்தாள், கறுத்த விரல்கள் உடையோடு ஒட்டிக் கிடந்தன, இவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் தன் அம்மா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். கைத்தட்டல் நின்றது. மைக் அந்தப் பிள்ளையின் உயரத்திலேயே இருந்தது, நிமிர்த்தலாம் என்று திருகாணியைத் தொட்டாள், இறுகிப்போயிருந்தது. அருள்ராணி குனிந்தாள், அனைவருக்கும் வணக்கம் என்றாள், கர்ச்சீப் உயர்ந்து இறங்கியது, அடுத்த வாக்கியம் நான் என்று தொடங்கியது, நான், என்று மறுபடி சொன்னாள், அதற்கு மேல் என்ன வரப்போகிறது என்று அவளும் மற்றவர்களைப் போலவே காத்துக்கொண்டிருந்தாள்.